மடியில் நிற்காத கணினி

செப்டம்பர் 2

என் அருமை மருமகளே, ஊமைக்குசும்பியே,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். பதினேழு தடவை அடித்தேன். பதினெட்டாவது தடவைக்கு ஒரு வரி அனுப்பினாய்: "பேச முடியல மாமா, எழுதுங்க." சரி, எழுதுகிறேன். எழுத்து எனக்கு என்ன புதுசா? எட்டாம் வகுப்பை மூன்று வருஷம் ஊன்றிப் படித்தவன் நான். மற்றவன் ஒரே வருஷத்தில் மூச்சிரைக்க ஓடித் தாண்டினதை, நான் நின்று நிதானமாகக் கரைத்துக் குடித்தேன்.

பார்சல் வந்திருக்கும். பிரித்தாயா? உன் அம்மா போய், எல்லாம் முடிந்து, நான் ஊருக்குக் கிளம்பும்போது உன் பழைய லேப்டாப்பைக் கையோடு எடுத்து வந்தேன் இல்லையா? அது இனி இல்லை. கடையில் கொடுத்துவிட்டு அதற்குப் பதிலாக இதை வாங்கிவிட்டேன். பதறாதே. அதில் என்ன மிச்சம் இருந்தது? கீல் உடைந்து ரப்பர் பேண்டில் தொங்கியது. பாட்டரி செத்துப்போய், சுவரில் கட்டிப்போட்ட மாடு மாதிரி அந்தப் பின்னறையை விட்டு நகராமல் கிடந்தது. அதோடு நீயும் கிடந்தாய்.

இது அப்படி இல்லை. கீபோர்டைக் கழற்றினால் டேப்லெட், மாட்டினால் லேப்டாப். கையில் பிடித்தால் புத்தகம், மேஜையில் வைத்தால் ஆபீஸ். முதுகில் ஒரு கால் இருக்கிறது, விரித்துவிட்டால் தானாக நிற்கும். கடையில் இருந்த பெண் எனக்கு இதை விளக்க வந்தாள். கடைசியில் நான்தான் அவளுக்கு விளக்கினேன். "சார் நீங்க இன்ஜினியரா?" என்று கேட்டாள். நான் இல்லை என்று சொல்லவில்லை. லிஃப்ட் மெக்கானிக்கும் ஒரு வகை இன்ஜினியர்தானே, கொஞ்சம் கிரீஸ் அதிகம், அவ்வளவுதான்.

இதெல்லாம் வேலைக்கு உதவுமா, படம் பார்க்கத்தான் ஆகுமா என்று கேட்பாய். கேள். ஜூன் மாதம், நான் பார்க்கிற பதினெட்டு மாடிக் கட்டடத்தில், ஒரு கம்பெனியின் தலைவரே லிஃப்டில் மாட்டிக்கொண்டார். இரண்டு மாடிக்கு நடுவில், மூன்று மணி நேரம். வேறொருவன் என்றால் கதவைக் குத்தியிருப்பான். மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார், இதே மாதிரி டேப்லெட்டை எடுத்தார், அதன் காலை விரித்தார். ஏழு நாட்டோடு மீட்டிங். இரண்டு பேரை வேலையை விட்டுத் தூக்கினார், ஒருத்தருக்குப் பதவி உயர்வு கொடுத்தார், பேனா மாதிரி ஒன்றால் திரையிலேயே கையெழுத்துப் போட்டார். நான் வியர்த்து வழிய கதவை நெம்பித் திறந்தால், "ஏம்ப்பா அதுக்குள்ள திறந்துட்ட?" என்றார். அப்புறம் லேப்டாப் எதற்கு, சொல்.

கீழ்வீட்டு நர்ஸம்மாவிடம் பேசினேன். மாதக் கடைசிக்குள் நீ வேலையை ஆரம்பிக்காவிட்டால் உன் இடத்தில் வேறு ஆள் போட்டுவிடுவார்கள் என்றார். விடாதே. எட்டு வருஷமாகக் காதையும் விரலையும் தேய்த்துச் சம்பாதித்த இடம் அது. இதை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போ, பூங்காவுக்குப் போ, எங்கே வேண்டுமானாலும் போ. அந்தப் பின்னறையில் மட்டும் உட்காராதே.

வேறு என்ன. நான் நன்றாக இருக்கிறேன். இரும்பு மாதிரி.

உன் தாய்மாமன்


செப்டம்பர் 9

மாமாவுக்கு,

பார்சல் வந்தது. நாலு நாள் வாசலருகே இருந்தது, பிறகு நர்ஸ் அக்கா வந்து பிரித்தார்.

டேப்லெட்டின் பெருமையை ஆறு பக்கம் பேனாவால் எழுதியிருக்கிறீர்கள். தாளின் பின்பக்கம் லிஃப்ட் சர்வீஸ் படிவம். அதில் "மாடிகள்: 9" என்று அச்சடித்திருக்கிறது. உங்களுக்கு மின்னஞ்சல் இல்லை, அதனால் நானும் தாளில் எழுதுகிறேன்.

நல்ல கருவிதான். எடை இல்லை. மின்னஞ்சல் பார்க்க, செய்தி படிக்க, மின்கட்டணம் கட்ட, எல்லாம் முடிகிறது. மடியில் வைத்தால் மட்டும் பின்னால் சாய்கிறது. அந்தக் கால் நிற்க மேஜை வேண்டும்.

என் வேலைக்கு இது ஆகாது. நான் என்ன செய்கிறேன் என்று உங்களுக்குச் சரியாகத் தெரியாது என்று நினைக்கிறேன். விசாரணைகளில் பேசுவதைப் பதிவு செய்து எங்கள் ஆபீஸுக்கு அனுப்புவார்கள். அதைக் கேட்டு, ஒரு சொல் விடாமல் அடித்துக் கொடுப்பேன். காலுக்குக் கீழே ஒரு பெடல் இருக்கும். அழுத்தினால் குரல் ஓடும், எடுத்தால் நிற்கும். அப்படிச் செய்தால்தான் விரல் எழுத்தை விட்டு நகர வேண்டியிருக்காது. அந்தப் பெடலின் வயரைச் செருக டேப்லெட்டில் ஒரே ஒரு ஓட்டைதான் இருக்கிறது. அதில் சார்ஜர் இருக்கிறது. வயரின் முனையும் பொருந்தவில்லை. நாங்கள் அடிக்கிற பழைய மென்பொருளையும் இது ஏற்க மாட்டேன் என்கிறது.

கருவி சரியில்லை என்று ஆபீஸில் சொல்லிவிட்டேன். முப்பதாம் தேதிக்குள் ஒரு பதிவாவது முடித்து அனுப்ப வேண்டுமாம். இல்லையென்றால் வேறொருவர். பரவாயில்லை.

பழைய லேப்டாப்பைக் கொடுக்கும் முன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சாப்பிடுகிறேன். தூங்குகிறேன். போனில் மட்டும் கூப்பிடாதீர்கள். யார் குரலும் காதுக்குப் பக்கத்தில் வர வேண்டாம்.

மருமகள்


செப்டம்பர் 14

ஊமைக்குசும்பிக்கு,

படிவத்தில் ஒன்பது என்றுதான் இருக்கும். ஏறும்போது ஒன்பது, இறங்கும்போது ஒன்பது, கூட்டிப் பார். லிஃப்ட்காரன் கணக்கு வேறு, மாடிப்படிக்காரன் கணக்கு வேறு.

உன்னைக் கேட்காமல் கொடுத்தது தப்பு. கடைக்குத் திரும்பப் போனேன். அந்த லேப்டாப்பைப் பிரித்து மேய்ந்துவிட்டார்கள், திரை ஒரு பக்கம், வயிறு ஒரு பக்கம். என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு மேனேஜரே எழுந்து நாற்காலி போட்டார். கடையே எழுந்து நின்றது என்று வைத்துக்கொள்.

ஓட்டை ஒன்று என்று அழுகிறாயே, வீட்டுக்கு வாசல் எத்தனை? ஒன்றுதான். அதில்தானே கட்டிலும் வருகிறது, கடன்காரனும் வருகிறான்? இதோடு ஒரு சின்னப் பெட்டி அனுப்பியிருக்கிறேன். ஒரு பக்கம் டேப்லெட்டில் செருகு, மறுபக்கம் நாலு வாசல். ஒன்றில் சார்ஜர், ஒன்றில் உன் பெடல், மிச்சம் இரண்டை வாடகைக்கு விடு.

வாங்கும் முன் சோதிக்காமல் வாங்குகிற ஆளா நான்? பெடல் என்றாயே, அடுத்த தெரு தையல்காரரிடம் கெஞ்சி மெஷின் பெடலைக் கழற்றி வாங்கி, பையில் போட்டு, நாலு தெரு தூக்கிக்கொண்டு போய்க் கடை மேஜையில் வைத்தேன். அந்தப் பெண் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சார், இது துணி தைக்கறதுக்கு" என்றாள். "தெரியும்மா, எடை எப்படின்னு காட்டத்தான் கொண்டுவந்தேன்" என்றேன். உள்ளே போய் ரொம்ப நேரம் இருமினாள். பாவம், சளி.

மடியில் நிற்கவில்லை என்றால் மடியை மேஜையாக்கு. லிஃப்ட் உள்சுவருக்குப் போடுகிற பிளைவுட்டில் ஒரு துண்டு வெட்டி, உன் மடி அகலத்துக்கு இழைத்து அனுப்பியிருக்கிறேன். அளவு எப்படித் தெரியும் என்று கேட்காதே. உன்னை மடியில் வைத்திருந்தவனுக்கு உன் மடி தெரியாதா? விளிம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறேன். கையில் குத்தாது.

மென்பொருள் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. ஆபீஸிலேயே கேள், உடைந்துவிட மாட்டாய். "டேப்லெட்ல ஓடுற மாதிரி ஏதாவது இருக்கா?" என்று ஒரு வரி.

இப்போது இது லேப்டாப்பை விட ஒரு படி மேல். ஒத்துக்கொள்.

மாமன்


செப்டம்பர் 21

மாமாவுக்கு,

பெட்டி பொருந்துகிறது. பெடல் வேலை செய்கிறது. ஆபீஸில் கேட்டேன். புதிதாக ஒன்று இருக்கிறதாம், எதையும் நிறுவ வேண்டாம், இணையத்திலேயே திறந்துகொள்ளலாம். அனுப்பினார்கள். திறந்தது. பலகை மடியில் சரியாக உட்காருகிறது, குத்தவில்லை. நர்ஸ் அக்கா வந்து பார்த்துவிட்டு, "அப்போ இது லேப்டாப்பேதானே இப்போ?" என்றார். ஆமாம் என்றேன்.

இப்போது எல்லாம் வேலை செய்கிறது. நான்தான் செய்யவில்லை.

ஒரே ஓட்டைதான் என்று தெரிந்த அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆபீஸில் சொல்ல ஒரு காரணம் கிடைத்தது. நீங்கள் அதை நாலாக்கிவிட்டீர்கள். அதனால் உங்களிடமாவது உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஹெட்போனை என்னால் மாட்ட முடியவில்லை. கையில் எடுப்பேன், வைத்துவிடுவேன்.

ஜூலை ஒன்பதாம் தேதி இரண்டு மணிக்கு அதை மாட்டினேன். ஒரு பாலம் இடிந்த விசாரணை. ஒரு பொறியாளர் வாய்க்குள்ளேயே பேசினார். ஒலியைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். மூன்றே முக்காலுக்குக் கழற்றினேன். டீ போடப் போகும் வழியில் அம்மா அறை. நாற்காலி காலியாக இருந்தது. அம்மா தரையில் கிடந்தாள்.

"ஒரு நொடியில முடிஞ்சிருக்கும்" என்று டாக்டர் சொன்னார். அதை எல்லாரிடமும் சொல்வார்கள். அம்மா என்னைக் கூப்பிட்டிருப்பாள். எட்டு அடி தூரம். எத்தனை தடவை கூப்பிட்டாள் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. மற்றவர்கள் பேசியதை ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அழுகை வரவில்லை மாமா. எழுபத்திநாலு நாள் ஆகிறது. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி இருக்கிறது, தொட்டால் இருக்கிறது என்று தெரிகிறது, அவ்வளவுதான்.

என் இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லி வெள்ளிக்கிழமை ஆபீஸுக்கு எழுதிவிடுவேன். டேப்லெட்டின் மேல் குறை இல்லை. உங்கள் மேலும் இல்லை.

மருமகள்


செப்டம்பர் 23

கண்ணு,

கூரியரில் அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடும். ஆபீஸுக்கு எழுதாதே. இதைப் படித்துவிட்டு அப்புறம் எழுது.

அன்று அக்காவுக்கு, உன் அம்மாவுக்கு, போன் செய்தது நான். இரண்டே முக்கால் இருக்கும். எடுத்ததும், "மெதுவா பேசுடா, உள்ள புள்ள வேலை செய்யுது" என்றாள். நான் மெதுவாகப் பேசி நீ எப்போது பார்த்திருக்கிறாய்? உன் லேப்டாப் போடுகிற சத்தத்தைப் பற்றி அவள் குறைபட்டாள். "வேற வாங்கித் தரேன்க்கா, இப்ப ரெண்டும் ஒண்ணா இருக்கறது வந்திருக்கு" என்று ஆரம்பித்தேன். அந்த லிஃப்ட் கதையைச் சொன்னேன். உனக்கு எழுதினேனே, அதேதான்.

அக்கா கதை கேட்டால் ம் கொட்டுவாள். உனக்குத் தெரியும். ம் என்பாள், ம்ம் என்பாள், ரொம்ப அளந்தால் "ம்க்கும்" என்பாள். ஏழு நாட்டு மீட்டிங் என்றேன். "ம்க்கும், போன தடவை அஞ்சு நாடுன்னே" என்று சிரித்தாள். அவள் பேசினது அதுதான் கடைசி. அப்புறம் கையெழுத்துப் போட்டதைச் சொன்னேன், பதவி உயர்வைச் சொன்னேன், நான் கதவை நெம்பினதைச் சொன்னேன். ம் இல்லை. எனக்கு அது உறைக்கவே இல்லை. என் குரல் எனக்குப் போதும் போலிருக்கிறது. கதை முடிகிற இடத்தில் அவள் சிரிக்க வேண்டும். சிரிக்கவில்லை. அக்கா, அக்கா என்றேன். லைன் போய்விட்டது என்று நினைத்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்படி நினைக்கவில்லை. என்னை விட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள் என்று கோபம் வந்தது. கோபத்தில் வைத்துவிட்டேன். திரும்பக் கூப்பிடவில்லை. நாலு மணிக்கு நீ கூப்பிட்டாய்.

அவள் உன்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் எனக்குக் கேட்டிருக்கும். நான் பேசிக்கொண்டிருந்தாலும் போன் என் காதில்தானே இருந்தது? ஒரு பத்து நிமிஷம் பேசியிருப்பேன், மொத்தமே. அதில் ஒரு மூன்று நிமிஷம் காற்றோடு பேசியிருப்பேன்.

இதை அங்கே இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டும். ஒன்பதைப் பதினெட்டு என்பவன் சொன்னால் நீ நம்ப மாட்டாய் என்று இருந்துவிட்டேன். அதுவும் முழு நிஜம் இல்லை. பயந்துதான் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக உன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வாங்கித் தருகிறேன் என்று அவளிடம் சொன்ன கடைசிச் சொல்லையாவது செய்துவிடலாம் என்று. உனக்கு ஆகுமா ஆகாதா என்றுகூடக் கேட்கவில்லை.

என்னை நம்பாதே. அக்காவின் போன் அங்கேதான் எங்கேயாவது இருக்கும். எடுத்துப் பார். அதற்கு அளக்கத் தெரியாது.

மாமா


செப்டம்பர் 30

மாமாவுக்கு,

கடிதம் வெள்ளிக்கிழமை காலையில் வந்தது. ஆபீஸுக்கு எழுதவில்லை.

அம்மாவின் போன் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. ஆகஸ்டில் பெருக்கும்போதே பார்த்தேன், எடுத்து அலமாரியில் துணிக்கு நடுவில் வைத்துவிட்டேன். உயிர் இல்லாமல் இருந்தது. இப்போது சார்ஜ் போட்டேன். கடைசி அழைப்பு "தம்பி". இரண்டு நாற்பத்தேழு.

பத்து நிமிஷம் என்று எழுதியிருந்தீர்கள். போனில் முப்பத்தாறு நிமிஷம் என்று இருக்கிறது.

நர்ஸ் அக்காவிடம் காட்டினேன். "முப்பத்தாறா! நடுவுல மூச்சாவது விட்டாரா உங்க மாமா?" என்றவர், சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரப்போவது போல இருந்தது. வரவில்லை. ஆனால் வருமிடம் எது என்று தெரிந்தது.

உங்களை எனக்கு இருபத்தொன்பது வருஷமாகத் தெரியும். எதையும் நீங்கள் குறைத்துச் சொல்லி நான் கேட்டதில்லை. மாடியை, மீனை, ஜுரத்தை, ரயில் கூட்டத்தை, எதையும். இதை மட்டும் குறைத்திருக்கிறீர்கள். அதனால் மற்றதை எல்லாம் நம்பினேன்.

அம்மா கூப்பிடவே இல்லை என்பது உங்களுக்கு நிச்சயமாகத் தெரியாது. நீங்கள் பேசிக்கொண்டிருந்தீர்கள். எனக்கும் தெரியாது. அதை நாம் இரண்டு பேரும் தெரிந்ததாக வைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் கொஞ்சம் முன்னால் அவள் உங்களைக் கேலி செய்து சிரித்தாள் என்பது தெரிந்துவிட்டது. அந்த மத்தியானத்தில் சிரிப்பு இருந்திருக்கும் என்று நான் ஒரு தடவைகூட நினைத்ததில்லை.

சனிக்கிழமை டேப்லெட்டையும் பலகையையும் எடுத்துக்கொண்டு அம்மா அறைக்குப் போய், அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். பழைய லேப்டாப்பை அங்கே கொண்டுபோக முடிந்திருக்காது, வயர் எட்டாது. ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டினேன், இன்னொன்றைக் கழுத்தில் விட்டுவிட்டேன். ஒரு காப்பீட்டு விசாரணை, நாற்பது நிமிஷம். கிடங்கில் தண்ணீர் புகுந்தது யார் தப்பு என்று மூன்று பேர் மாறி மாறிச் சொன்னார்கள். வழக்கத்தைப் போல இரண்டு பங்கு நேரம் ஆனது. இதன் கீபோர்டு எழுத்துகள் ஆழமில்லாதவை, விரல் தரையில் குத்துவது போல இருக்கிறது. டேப்லெட்டின் முதுகு சுடுகிறது. நடுவில் நாலு தடவை பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு, வீட்டில் ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று பார்த்தேன். கீழ்வீட்டில் குழாய் ஓடியது. அவ்வளவுதான்.

திங்கட்கிழமை அனுப்பினேன். இன்று காலை ஒரு வரி பதில்: "கிடைத்தது, அடுத்ததை அனுப்புகிறோம்." சந்தோஷம் என்று எதுவும் தோன்றவில்லை. கால் வலிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குப் போன் செய்யுங்கள். எடுக்கிறேன். என்னால் ரொம்ப நேரம் முடியாது. பேச எனக்கு ஒன்றும் இல்லை, நீங்களே பேசுங்கள், எதை வேண்டுமானாலும், எத்தனை மாடி வேண்டுமானாலும். நான் ம் சொல்கிறேன். அது நின்றால் நீங்களும் நிறுத்திவிட்டு, என்ன ஆச்சு என்று கேளுங்கள்.